கொடிக்கு வேலி

"கடைசி மூச்சிலும் மலாயா" என்று போதகர் ஐயாத்துரை சொல்லும் இடம் நெருங்கியதும் அருமைநாயகம் குனிந்து தன் சப்பாத்துக் கயிற்றைப் பார்த்தான். முல்லைத்தீவிலும் அந்த இடத்தில் அதைத்தான் பார்த்தான். வவுனியாவிலும் அப்படித்தான். இன்று புளியங்குளம். சந்திக்குப் பின்னால் கிடுகு வேய்ந்த சின்ன ஆலயம், முன்னால் இரண்டு மாட்டு வண்டிகள், உள்ளே மர வாங்குகளில் இருக்க இடமில்லாமல் சனம். போதகருக்கு நல்ல குரல். அதை எங்கே இறக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். "நெருப்புக் காய்ச்சலில அந்தப் பிள்ளை கிடக்குது. உடம்பு கொதிக்குது. நான் பக்கத்தில நிண்டு செபிக்கிறன். அந்த நேரத்திலும் அது என்னத்தைச் சொன்னது தெரியுமோ?" என்று கேட்டுவிட்டு நிறுத்தினார். பெண்கள் சேலைத் தலைப்பைக் கண்ணுக்குக் கொண்டு போனார்கள். கயிற்றின் ஒரு நுனியில் இருந்த தகரப் பூண் கழன்றுவிட்டிருந்ததை அருமைநாயகம் பார்த்துக்கொண்டிருந்தான்.

மலாயாவின் றப்பர்த் தோட்டங்களில் வேலை செய்யும் தமிழ்ச் சனத்துக்குள் ஊழியம் செய்ய ஒரு குடும்பத்தை அனுப்புவது என்று மிசன் சங்கம் தீர்மானித்தபோது, அவனும் நேசமலரும் கலியாணம் முடித்து ஒரு வருசம். கொலிச்சில் படித்த காலத்திலிருந்தே அவனுக்கு அந்த எண்ணம் இருந்தது. விண்ணப்பித்தான். எடுத்தார்கள். கப்பல் செலவும் முதல் இரண்டு வருசத்துச் சீவியமும் வன்னியில் உள்ள சபைகளே தர வேண்டும் என்பது ஏற்பாடு. ஆகவே ஊர் ஊராகப் போனார்கள். முதலில் நேசமலர் பாடுவாள். பெரிய பாட்டுக்காரி இல்லை, மேலே போகும்போது சுருதி சறுக்கும், அப்போது அவனைப் பார்த்து லேசாகச் சிரிப்பாள். பிறகு அவன் வரைபடத்தை விரித்துப் பகாங் எங்கே இருக்கிறது என்று காட்டுவான். சனம் மரியாதையாகக் கேட்டுவிட்டுக் கொஞ்சமாகப் போட்டது. ஒரு கிழவர் எழும்பி, "மலாயாவுக்குப் போனவையெல்லாம் பென்சனோட வந்தவை. நீர் என்னத்தோட வருவீர், தம்பி?" என்று கேட்டதற்கு ஆலயமே சிரித்தது. தையில் போவதென்று இருந்தது. கார்த்திகை முடிவில் அவள் செத்துப்போனாள். சங்கம் பயணத்தைச் சித்திரைக்குத் தள்ளிவைத்தது. அதற்குள் சேர வேண்டியது சேர்ந்தால் அவன் தனியே போகலாம், சேராவிட்டால் இல்லை.

இப்போது பாட்டும் இல்லை, வரைபடமும் இல்லை. காணிக்கைத் தட்டு நிறைந்தது. அவன் பேசியதற்குக் கிடைத்ததைவிட அவள் செத்ததற்குக் கிடைத்தது அதிகம். இதை அவன் ஒருவருக்கும் சொல்லவில்லை. சொல்லக்கூடியதாக இருந்தவள் ஒருத்திதான்.

தட்டு வந்தபோது ஒரு பெண் காதிலிருந்த தோட்டைக் கழற்றிப் போட்டாள். ஆராதனை முடிந்து வாசலில் அவன் கையைப் பிடித்து, "அந்தப் பிள்ளைக்காகத்தான் தம்பி" என்றாள். தோடு இல்லாத அந்தக் காது சிவந்திருந்தது. அவன் தலையை ஆட்டினான்.

திரும்பி வரும்போது போதகரின் பழைய ஒஸ்ரின் காரில் முன்னால் இருந்தான். பாதையின் இரு பக்கமும் காடு. மாங்குளம் தாண்டியது.

"ஐயா, அவ அப்பிடிச் சொல்லேல்லை" என்றான் அருமைநாயகம்.

போதகர் பாதையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "எப்பிடி?"

"மலாயா எண்டு. அந்த நேரம் நானும் பக்கத்தில நிண்டனான்."

"எனக்குத் தெரியும் தம்பி." அவர் கியரை மாற்றினார். கார் முனகியது. "வாய் என்னத்தையோ சொல்லும். காய்ச்சல்காரியின்ர வாய். மனசில என்ன இருந்தது? அதைத்தானே நான் சொல்லுறன். அவாவின்ர மனசில மலாயா இருக்கேல்லை எண்டு நீர் சொல்லும், நான் இனி அதைச் சொல்லேல்லை."

அவன் கண்ணாடிக்கு வெளியே பார்த்தான். சொல்ல முடியவில்லை. இருந்தது என்றும் சொல்ல முடியவில்லை.

"இருபத்தஞ்சு வயசில நானும் போக வெளிக்கிட்டனான்" என்றார் போதகர். "பர்மாவுக்கு. தட்டு நிரம்பேல்லை. அவ்வளவுதான் விசயம். நீர் போக வேணும்."

கிளிநொச்சிக்கு அப்பால், இரணைமடு வாய்க்கால் ஓரக் குடியேற்றத்தில், அவன் படிப்பித்த பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் இருந்தது அவன் வீடு. முன்னறையில் றங்குப் பெட்டி. அதற்கு மேல் ஒரு கட்டுத் தும்புக் கயிறு, கப்பலுக்குப் பெட்டி கட்டவென்று வாங்கியது. பெட்டிக்குள் அவள் மடித்து வைத்த அவனுடைய சேட்டுகள் அப்படியே கிடந்தன. அடக்கத்துக்குப் பிறகு அவன் குசினிக்குள் போகவில்லை. பின் கதவையும் திறக்கவில்லை. சாப்பாடு சந்திக் கடையில். கிணறு முன்பக்கம். ஆகவே பின்வளவு என்று ஒன்று அந்த வீட்டுக்கு இருப்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது.

அடுத்த நாள் பின்னேரம் இராசேஸ்வரி வந்தாள். பக்கத்துக் காணிக்காரி, சைவக்காரி. புருசனோடு பருத்தித்துறையிலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவள். கையில் ஒரு பனையோலைப் பெட்டி. சோறு காய்ச்ச முன்னம் உலையரிசியில் ஒரு பிடி எடுத்துப் புறம்பாக ஒரு பானையில் போட்டு, மாச முடிவில் அதை ஊழியத்துக்குக் கொடுக்கும் பழக்கத்தைக் குடியேற்றத்துப் பெண்களிடம் தொடக்கி வைத்தவள் நேசமலர். அவள் இல்லாமல் போய் மூன்று மாசம். அரிசி நிற்கவில்லை.

"இந்த மாசத்துப் பிடியரிசி மாஸ்ரர்."

"நீங்கள் இன்னும் குடுக்க வேணும் எண்டில்லை" என்றான் அவன்.

"ஏன், பிள்ளையாருக்கு ஒரு பிடி, உங்கட மலாயாவுக்கு ஒரு பிடி. பிள்ளையார் ஒண்டும் கோவிக்கேல்லை. எங்கட மனுசன்தான் கோவிக்கிறார், சோறு குறையுதெண்டு." சிரித்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். "மற்றது, பூசணிக்காய் முத்தீட்டுது. ஞாயிற்றுக்கிழமை உங்கட கோயில்ல அறுப்புப் பண்டிகையெல்லே. நான் வெட்டிக் கொண்டந்து குடுக்கட்டோ?"

"என்ன பூசணிக்காய்?"

அவள் வீட்டைச் சுற்றிப் பின்னால் போனாள். அவன் பின்னால் போனான். குசினிச் சுவரோரம் தொடங்கிய கொடி, குப்பைக் கிடங்கு தாண்டி, பாதி வளவைப் பிடித்திருந்தது. அகன்ற இலைகளுக்குள்ளே மஞ்சளும் பச்சையுமாக ஒரு காய், ஒரு ஆளால் கட்டிப்பிடித்துத்தான் தூக்கலாம். சுற்றிவர யாரோ காரை முள்ளுக் கொப்புகளை வெட்டிப் போட்டிருந்தார்கள்.

"முள்ளு நான்தான் போட்டனான்" என்றாள் இராசேஸ்வரி. "ஆடு வரப் பாத்தது."

அந்தச் சொல் அவன் நெஞ்சில் போய் இருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில், உதடு வெடித்து, கண் பாதி மூடிக் கிடந்தவள் சொன்னது அதுதான். கொடிக்கு வேலி அடையுங்கோ, ஆடு கடிச்சுப் போடும். அவன் அதைக் காய்ச்சல் கதை என்று நினைத்தான். எந்தக் கொடி என்றுகூடக் கேட்கவில்லை. "ஓம், ஓம்" என்றான். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

"இதை எப்ப நட்டவ?"

"ஐப்பசி மழைக்கு. என்னட்டைத்தான் விதை வேண்டினவா. தையில கப்பலேறப் போறியள், காய்க்க மாசி ஆகும், காய் ஆருக்கக்கா எண்டு கேட்டனான்."

"என்ன சொன்னவ?"

"ஒண்டும் சொல்லேல்லை. சிரிச்சவா. எந்தப் பக்கம் ஊண்டினா வெயில் விழும் எண்டு கேட்டவா." இராசேஸ்வரி ஒரு பழுத்த இலையைக் கிள்ளி எறிந்தாள். "நீங்கள் போனா அவாவும் வந்திருப்பா மாஸ்ரர். வரமாட்டன் எண்டு ஒருநாளும் சொல்லேல்லை."

வருவேன் என்று எப்போதாவது சொன்னாளா என்று யோசித்தான். விண்ணப்பத்தில் கையெழுத்து வைத்தாள். மலாய்ச் சொற்கள் சிலவற்றைப் பாடமாக்கினாள். பாடினாள். நேரே கேட்டது எப்போது? கேட்டதாக நினைவில்லை. அவன் போவதென்றால் அவளும் போவது என்பது, சட்டையோடு கையும் வரும் என்பது மாதிரி இருந்தது அவனுக்கு. மண்ணில் விதையை ஊன்றி, வெயில் விழுமா என்று பார்த்துக்கொண்டு நின்றவளை அவன் கண்டதே இல்லை.

"கொண்டு போங்கோ" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை, ஆலயத்துக்கு வெளியே, வேம்புக்குக் கீழே நீண்ட மேசை போட்டிருந்தது. நெற்கதிர்க் கட்டுகள், வாழைக்குலை, முட்டைகள், கால் கட்டிய சேவல், தயிர் முட்டிகள். மேசையின் நடுவில் பூசணிக்காய். ஏலம் கூறுவது சின்னராசா. மூன்றாம் வாய்க்காலில் ஐந்து ஏக்கர் வயல்காரன், வாய் ஓயாதவன். அந்தச் சபையில் ஏலம் எடுக்கிறவன் பொருளை வீட்டுக்குக் கொண்டு போவதில்லை. காசைக் கொடுத்துவிட்டுப் பொருளைத் திரும்ப மேசையில் வைப்பான். வைத்ததை மறுபடியும் கூறுவார்கள். இன்னொருவன் எடுப்பான், அவனும் வைப்பான். கடைசியில் எல்லாம் போதகர் வீட்டுக் குசினிக்குப் போகும். திருப்பி வைக்காதவன் என்று ஒருவனை இதுவரை யாரும் கண்டதில்லை.

"இந்தச் சேவலைப் பாருங்கோ" என்று சின்னராசா சேவலைத் தூக்கிக் காட்டினான். "விடியத் துவக்கம் அஞ்சு பேரிட்டை விலைப்பட்டும் உயிரோட நிக்குது. எங்களில ஆருக்கு அந்தக் குடுப்பினை இருக்கு?" சனம் சிரித்தது. முன்வரிசைக் கதிரையில் இருந்த போதகரும் சிரித்தார். இராசேஸ்வரி தன் சனத்தோடு சேராமலும் இந்தச் சனத்தோடு சேராமலும் வேலியோரம் நின்றாள்.

பூசணிக்காயைத் தூக்கியபோது சின்னராசா சிரிக்கவில்லை. "இது எங்கட நேசமலர்ப் பிள்ளை தன்ர கையால நட்டது. கடைசி மூச்சிலும் மலாயா எண்டு சொல்லிப் போன பிள்ளை. கேளுங்கோ."

கேட்டார்கள். முதல் முறை ஒரு வயல்காரர் எடுத்தார். காயைத் தொட்டுக் கும்பிட்டுத் திருப்பி வைத்தார். சின்னராசா மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினான். தன்ர கையால நட்டது, கடைசி மூச்சிலும். கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர் எடுத்தார், வைத்தார். கடைசி மூச்சிலும். இரண்டு சகோதரிகள் சேர்ந்து எடுத்தார்கள், அழுதார்கள், வைத்தார்கள். ஒவ்வொரு முறையும் விலை ஏறியது. ஒவ்வொரு முறையும் அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்து, சொல்லாததைச் சொல்லிவிட்டுச் செத்தாள். போதகர் திரும்பி அருமைநாயகத்தைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. அது நடிப்பில்லை. தட்டு நிறையப் போகிறது, நீர் போகப் போகிறீர் என்று அந்த முகம் சொன்னது.

"எங்கட பிள்ளை, கடைசி மூச்சிலும்..."

அருமைநாயகம் கையை உயர்த்தினான். அந்த மாசச் சம்பளம் முழுவதையும் சொன்னான்.

மரத்தில் காகம் கத்துவது கேட்டது. சின்னராசா ஒருதரம், இரண்டுதரம், மூன்றுதரம் என்று மெல்லச் சொல்லி முடித்தான். அருமைநாயகம் போய்ச் சட்டைப்பையிலிருந்த காசை மேசையில் வைத்தான். காயை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கினான். பாரமாக இருந்தது. யாரோ "அல்லேலூயா" என்றார்கள். சின்னராசா இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றான், வாங்கி மேசையில் வைக்க. அவன் கொடுக்கவில்லை.

"மாஸ்ரர், வையுங்கோ. திருப்பிக் கூற வேணுமெல்லே."

"இல்லை."

"விளங்கேல்லை."

"அவ மலாயா எண்டு சொல்லேல்லை" என்றான் அருமைநாயகம். குரல் உயரவில்லை. முன்வரிசைக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். பின்னால் இருந்தவர்கள் "என்னவாம், என்னவாம்" என்றார்கள். "கொடிக்கு வேலி அடைக்கச் சொன்னவ. அதுதான் சொன்னவ."

தோட்டைக் கழற்றிப் போட்ட பெண்ணின் காது அவனுக்கு ஞாபகம் வந்தது. போதகர் எழும்பினார். அவனிடம் வரப்போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் வரவில்லை. கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்று, "ஒரு பாட்டுப் பாடுவம்" என்றார். எந்தப் பாட்டு என்று சொல்ல மறந்துபோனார். சனம் ஒருவரை ஒருவர் பார்த்தது. அருமைநாயகம் காயைச் சைக்கிள் கரியரில் வைத்து, ஒரு கையால் அதை அணைத்து, மறு கையால் ஹாண்டிலைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு நடந்தான். வாய்க்கால் பாலம் தாண்டும்போதுதான் பின்னால் பாட்டுத் தொடங்கியது. இரண்டு மூன்று குரல்கள், வேறு வேறு சுருதியில்.

வீட்டுக்கு வந்து பின்வளவுக்குக் கொண்டு போனான். காய் கிடந்த இடத்தில் மண் வட்டமாகக் குழிந்து, ஈரமாக இருந்தது. ஏன் என்று தெரியாமல் காயை அந்தக் குழிக்குள் இறக்கினான். சரியாக இருக்கவில்லை. வெயில் படாமல் வெளிறிப்போன பக்கம் கீழே வரும்வரை உருட்டினான். இருந்தது. வெட்டிய காம்பு காய்ந்து கறுத்திருந்தது. காயைத் தூக்குவதற்காக இராசேஸ்வரி முள்ளை ஒரு பக்கம் விலக்கியிருந்தாள். அந்த இடைவெளிக்குள் ஒரு ஆடு முன்னங்கால் இரண்டையும் வைத்துக்கொண்டு, கொடியின் நுனிப் பக்கம் கழுத்தை நீட்டியது. அங்கே, இலைக்குக் கீழே, தலையில் வாடிய பூவோடு, எலுமிச்சங்காயளவில் ஒரு பிஞ்சு.

"சூ" என்றான். ஆடு ஒரு அடி பின்வாங்கி நின்று அவனைப் பார்த்தது.

உள்ளே போனான். றங்குப் பெட்டிக்கு மேல் இருந்த கயிற்றுக் கட்டை எடுத்துக்கொண்டு வந்தான். எல்லை வேலியில் நின்ற கிளுவைக் கதியால் தடிகளில் இரண்டை முறித்து நட்டு, குறுக்கே ஒரு தடியைப் பிடித்து, கட்டத் தொடங்கினான். வேலி அடைத்துப் பழக்கமில்லாத கை. முதல் முடிச்சு வழுகியது. அவிழ்த்து மறுபடி கட்டினான். ஆடு போகவில்லை. வீட்டின் முன்பக்கம் போதகரின் கார் முனகிக்கொண்டு வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கதவு திறந்து மூடியது. அவன் நிமிரவில்லை. கயிற்றின் நுனியைப் பல்லால் பிடித்துக்கொண்டு அடுத்த கதியாலுக்கு நகர்ந்தான்.