கயல்விழி நின்ற இடம்

2006 பொங்கலிலிருந்து கயல்விழி தன்னைப் பெற்றவர்களின் கண்ணுக்கும் காதுக்கும் மட்டும் எட்டாமல் போனாள். கடலூரின் ஷேர் ஆட்டோக்காரர்களுக்கு அவள் எப்போதும்போலத் தெரிந்தாள்.

காரணம், சிதம்பரம் கீழவீதி ஓவியர் பழனிவேல். வசதியான வீடுகளின் குடும்பப் படங்களை அவர்தான் வரைவார். 2004இல் கடலூர் முந்திரி வியாபாரி கோவிந்தசாமியையும் மனைவி சௌந்தரத்தையும் ஒரே மகள் கயல்விழியையும் ஆளுயரத்துக்கு வரைந்து கொடுத்திருந்தார். அப்போது தன் மூக்கைக் கொஞ்சம் சின்னதாக்கச் சொல்லிக் கெஞ்சியவள், மறுவருடம் உடன் படித்த வேறு சாதிப் பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு கீரப்பாளையம் போய்விட்டாள். கோவிந்தசாமி ஓவியரை வரவழைத்தார்.

"அவ நிக்கிற எடத்துல ஒரு திரைச்சீலையப் போட்டு மூடிடுங்க."

"இது இருக்கட்டுங்க. புதுசா ஒண்ணு வரைஞ்சு தரேன்."

"இதுலதான அவ இருக்கா."

மறுத்திருக்கலாம். பெரிய இடத்தைப் பகைத்துக்கொள்ள வேண்டாமென்று பழனிவேல் பச்சைத் திரையைப் பூசினார். படத்தில் அவள் கண்களைக் கடைசியாக மூடினார்.

பொங்கலன்று சமாதானம் பேச வந்த கயல்விழி கூடத்தில் நின்று அழைத்தாள். அப்பாவும் அம்மாவும் திரும்பவில்லை. அம்மாவின் கையைப் பிடித்தாள். சௌந்தரம் பதறி உதறினாள். "ஒம் பொண்ணுதான் கையப் புடிச்சிருக்கா" என்று பக்கத்து வீட்டு ராசம்மாள் சொன்ன பிறகே விஷயம் புரிந்தது.

சௌந்தரம் பஸ் ஏறிப்போய் ஓவியரை அழைத்துவந்தாள். அவர் பச்சையைச் சுரண்டினார். அடியில் வெறும் துணிதான் இருந்தது. கயல்விழியை எதிரே நிறுத்தி மறுபடி மறுபடி வரைந்தார். ஒவ்வொரு முறையும் வேறு யாரோ ஒரு பெண் வந்தாள். அதற்குப்பின் அவர் எந்த முகத்தையும் வரையவில்லை. கடைப் பலகைகளுக்கு எழுத்து எழுதிப் பிழைத்தார். கயல்விழியை வழியில் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டார்.

2009இல் கோவிந்தசாமி படுத்த படுக்கையானார். மகள் கால்மாட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். "கீரப்பாளையத்துலேர்ந்து யாரும் வரலியா?" என்று கேட்டபடியே அவர் போய்ச் சேர்ந்தார்.

தானே புயலில் வீட்டு முந்திரித் தோப்பு முழுக்கச் சாய்ந்த பிறகு, 2012 தொடக்கத்தில், கயல்விழி அம்மாவோடு தங்க வந்துவிட்டாள். "என்ன பொடவ கட்டியிருக்கா?" என்று சௌந்தரம் ராசம்மாளிடம் விசாரித்துக்கொள்வாள். மத்தியானம் இரண்டு தட்டு வைப்பாள். எதிர்த்தட்டில் சோறு குறைந்துகொண்டே வரும். இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றுவாள்.