அலைசாவுக்குத் தூக்கம் வந்த வகுப்பு

ரோவேனா அலைசாவை நேரில் பார்த்ததே இல்லை. பார்த்ததெல்லாம் கணினித் திரையில் வரும் வட்ட முகமும், முன்பற்களில் கட்டிய கம்பியும், நெற்றியில் விழுந்துகொண்டே இருக்கும் ஒரு கற்றை முடியும்தான். ரோவேனா இருந்தது தெற்கே டுமகெட்டேயில். அந்தப் பெண் இருந்தது வடக்கே வெகுதூரத்தில், துகெகராவில். நடுவில் கடலும் தீவுகளும். ஆனாலும் ஞாயிறு மதியம் ஆகிவிட்டால் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்த மாதிரிதான் வேதியியல் பாடம் நடக்கும்.

பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பு நிறையப் பிள்ளைகளைக் கட்டி மேய்த்த காலத்தில், யாருக்கு எங்கே இடறுகிறது என்று பார்க்க ரோவேனாவுக்கு நேரமே கிடைத்ததில்லை. வேலையை விட்டுவிட்டு இணையத்தில் தனித்தனியாகச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் அது வாய்த்தது. அலைசா எதைக் கண்டால் முகம் சுளிப்பாள், எதை ஊதித் தள்ளுவாள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. சமன்பாடுகளைச் சமன் செய்வதில் அந்தப் பெண் புலி.

புயல் கரை கடந்த பிறகு நடந்த முதல் வகுப்பு அது. துகெகராவில் மின்சாரம் இன்னும் வரவில்லை. மழையும் விட்டபாடில்லை.

"அடுத்த வாரம் வெச்சுக்கலாமேம்மா" என்றாள் ரோவேனா.

"வேணாம் மேடம். பரீட்சையை யாரும் தள்ளி வைக்கல. அதுவுமில்லாம, நாள் பூரா தம்பி மூஞ்சியப் பாக்கறதுக்கு உங்க மூஞ்சி எவ்வளவோ தேவலை."

"ரொம்பப் பெருமையா இருக்கு. சரி, முதல் கணக்கு."

முதல் கணக்கை அலைசா மெதுவாகப் போட்டாள். இரண்டாவது தப்பு. இரும்பு துருப்பிடிக்கும் வினை அது. போன மாதம் பேசிக்கொண்டே எழுதிக் காட்டியவள், இப்போது ஒரே எண்ணை எழுதுவதும் அழிப்பதும் திரும்ப எழுதுவதுமாக இருந்தாள்.

"என்னடி இது, புயல் உன் மூளையையும் தூக்கிட்டுப் போயிடுச்சா?"

அலைசா சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. அந்தக் கேலிக்கு அவ்வளவு சிரிப்பு வராது. ரோவேனாவுக்கு என்னவோ போல் இருந்தது.

"உடம்பு சரியில்லையா?"

"தலைவலி மேடம். அம்மாவுக்கும்தான். வாந்தி எடுத்துட்டுப் படுத்திருக்காங்க. தம்பியும் இன்னும் தூங்கறான்."

"என்ன சாப்பிட்டீங்க?"

"நேத்து மீந்த நூடுல்ஸ்." கொஞ்சம் யோசித்தாள். "இல்ல... தம்பி சாப்பிடலையே. அவனுக்கு அது பிடிக்காது."

அப்போதுதான் அந்தச் சத்தம் ரோவேனாவின் காதில் உறைத்தது. வகுப்பு தொடங்கியதிலிருந்தே பின்னால் ஒரு உறுமல் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. மழை என்று நினைத்திருந்தாள்.

"அலைசா, அது என்ன சத்தம்?"

"ஜெனரேட்டர். அம்மாவோட கடை மீனெல்லாம் ஃபிரீசர்ல இருக்கில்ல? இந்த மெஷினப் பக்கத்து ஊர்லேருந்து அம்மாதான் கொண்டுவந்தாங்க."

"எங்க வெச்சிருக்கீங்க?"

"சமையல்கட்டுல. வெளிய வெச்சா நனையும், திருட்டும் போயிடும்." கொட்டாவி விட்டாள். "தூக்கமா வருது மேடம்."

ரோவேனாவுக்குப் பொறி தட்டியது. அரைகுறையாக எரியும் பெட்ரோலிலிருந்து என்ன வரும், அந்தக் கார்பன் மோனாக்சைடு மூக்குக்குத் தெரியாமல் இரத்தத்தில் ஏறிக்கொண்டு பிராணவாயுவை எப்படி உள்ளே விடாது என்றெல்லாம் எத்தனையோ பிள்ளைகளுக்கு விளக்கியிருக்கிறாள். பரீட்சையில் ஐந்து மதிப்பெண் கேள்வி அது. இப்போது அந்த வாயுவைச் சுவாசித்துக்கொண்டு ஒரு பெண் அவள் எதிரே உட்கார்ந்திருந்தாள்.

கத்தினால் மிரண்டு போவாள். குரலை இறக்கிக்கொண்டாள்.

"அலைசா, நான் சொல்றதக் கேளு. எந்திரி. வாசல் கதவத் திறந்துட்டு வெளிய போ."

"மூணாவது கணக்கு..."

"கணக்கு கிடக்கட்டும். அந்த ஜெனரேட்டர் புகையில விஷம் இருக்கு. அதான் உங்க மூணு பேருக்கும் இப்படி. எந்திரிம்மா!"

அந்தப் பெண் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். உடம்பு ஆடியது. "நான் போய் அத ஆஃப் பண்ணிடறேன்."

"வேண்டாம்! அங்கதான் அதிகமா இருக்கும். வாசலுக்குப் போ."

"அம்மா உள்ள இருக்காங்க மேடம். தம்பி..."

அம்மாவை எழுப்பு என்று ரோவேனா சொன்னால் இவள் அந்த அறைக்குள்ளேயே விழுந்துவிடலாம். விழுந்தால் அந்த வீட்டில் குரல் கொடுக்க ஒருவரும் இல்லை. விட்டுவிட்டுப் போ என்று எந்த வாயால் சொல்வது? ஒருவேளை தான் நினைப்பதே தப்பாக இருந்தால்? தப்பாக இல்லாவிட்டால்?

"அவங்கள விட்டுட்டு வா. வெளிய போய்க் கத்து. ஆளக் கூப்பிடு. போ கண்ணு, போ!"

அலைசா கைபேசியைக் கையில் எடுத்தாள். சார்ஜர் கம்பி இழுத்தது. அதைப் பிடுங்கத் தெரியாமல் குழந்தை மாதிரி விழித்தாள்.

"போன விட்டுடு. நீ போ."

திரை ஒருமுறை கூரையைக் காட்டியது. பிறகு அப்படியே நின்றது. கூரையில் ஒரு பல்லி. உறுமல் சத்தம். காலடி இழுபடும் ஓசை, எதுவோ சாய்ந்து விழும் ஓசை. அதன்பின் உறுமல் மட்டும்.

"அலைசா? அலைசா!"

அவசர உதவிக்குச் சொல்லலாமென்றால் ஊர்ப் பெயரைத் தவிர அவளுக்கு ஒன்றும் தெரியாது. வகுப்புப் பதிவில் தாய் மெலிண்டாவின் எண் இருந்தது. அதை அழுத்தினாள். இங்கே அவள் காதில் மணி போக, அங்கே அந்த வீட்டுக்குள் ஒரு கைபேசி பாட ஆரம்பித்தது கணினி வழியாகக் கேட்டது. உற்சாகமான ஒரு கல்யாணப் பாட்டு மெட்டு. முழுவதும் பாடி ஓய்ந்தது. மறுபடி அழைத்தாள். மறுபடியும் பாடியது. யாரும் எடுக்கவில்லை. மூன்றாம் முறை அழுத்த அவளுக்குத் தைரியம் வரவில்லை. கேட்கும் தூரத்தில் இருந்துகொண்டு ஒரு டம்ளர் தண்ணீர்கூடத் தெளிக்க முடியாத கையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியாது. திடீரென்று கதவு இடிபட்டது. ஆண் குரல்கள். "ஜன்னலத் திறங்கடா! மெலிண்டா! ஏ மெலிண்டா!" உறுமல் நின்றது. கூரைக்குக் குறுக்கே, வாயில் ஈரத்துண்டு கட்டிய ஒரு முகம் வந்தது.

"யாரும்மா நீங்க?"

"அவளுக்கு டீச்சர். பொண்ணு எங்க? அலைசா எங்க?"

"வாசல் கேட் பக்கத்துல மழையில விழுந்து கிடந்தா. பேச்சு இல்ல. என் டிரைசிகிள் ஆட்டோவுலதான் ஏத்தியிருக்கோம்."

"மத்தவங்க?"

அதற்குள் அவர் உள்ளே ஓடிவிட்டார். கைபேசி அணையும் வரை ரோவேனா அந்தப் பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் அந்த மனிதரே, மெலிண்டாவின் கைபேசியில் பதிவாகியிருந்த எண்ணைப் பார்த்துக் கூப்பிட்டுச் சொல்லும் வரை சோறு இறங்கவில்லை. மூன்று பேருக்கும் உயிர் இருந்தது. சிறுவன்தான் கடைசியாகக் கண் திறந்தான்.

அலைசா திரும்பி வகுப்புக்கு வர வெகுநாள் ஆயிற்று. வந்தவள் புத்தகத்தைத் திறக்கவில்லை.

"நான் அவங்கள விட்டுட்டு வந்துட்டேன் மேடம். நீங்க சொன்னீங்கன்னு விட்டுட்டு வந்துட்டேன்."

"சொன்னது நான்தான். தப்புன்னா அது என்னோடது" என்றாள் ரோவேனா. எத்தனையோ இரவு அவளும் அதையேதான் புரட்டிக்கொண்டிருந்தாள்.

அலைசாவுக்குப் பின்னாலிருந்து மெலிண்டாவின் குரல் எரிந்து விழுந்தது. "விட்டுட்டுப் போனதாலதான்டி இங்க நின்னு மீன் செதில் உரிச்சுக்கிட்டிருக்கேன்! அழுகைய நிறுத்திட்டுப் படி. டீச்சர், இந்தக் கழுதைக்கு நல்லாச் சொல்லுங்க. அப்புறம்... நான் என்னவோ சொல்ல வந்தேனே. மறந்து போச்சு. இப்பல்லாம் மறந்துடுது."

அலைசா மூக்கை உறிஞ்சிக்கொண்டு பேனாவை எடுத்தாள். பாதிக் கணக்கில் சிக்னல் அறுந்து அவள் முகம் அசையாமல் நின்றது. வாய் பாதி திறந்தபடி. ரோவேனா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து நின்று, தன் சின்ன வீடே அதிர அவள் பெயரைச் சொல்லிக் கத்தினாள்.

படம் நகர்ந்தது.

"இருக்கேன் மேடம்" என்றாள் அலைசா. "இங்கதான் இருக்கேன். உக்காருங்க."