தலைவரின் நூற்றிருபது நாற்காலிகள்

அமெரிக்காவில் பிஸ்கட்டவே ஊர்த் தமிழ் மன்றத்துக்கு ஒன்பது வருடம் தலைவராக இருந்த சுவிசேஷமுத்து, 1998 ஜனவரியில் தூக்கத்திலேயே காலமானார். அவர் விட்டுப்போனவை: மனைவி ஜெயசெல்வி, மகள் ஷைனா, கராஜ் நிறைய மன்றத்துச் சொத்து. மடக்கு நாற்காலி நூற்றிருபது, காபி அண்டா இரண்டு, மைக் செட், பொங்கல் விழாவுக்குச் செய்து ஒரு கொம்பு உடைந்துபோன தெர்மோகோல் காளை.

ஜெயசெல்வி நர்ஸ். காலை ஐந்தரைக்கு வேலைக்குக் கிளம்ப வேண்டும். ஒன்பது குளிர்காலமாக நாற்காலிகள் கராஜுக்குள் சுகமாக இருந்தன, அவளுடைய கார் வெளியே பனியில் நின்றது. கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிச் சுரண்டித் தோள்பட்டை போய்விட்டது. இனிமேலாவது காரை உள்ளே விட வேண்டும். வேறு ஆசை இல்லை.

சாமான்களை எடுத்துக்கொள்ளச் சொல்லி மன்றத்துக்காரர்களைக் கேட்டுப் பார்த்தாள். துணைத் தலைவர் பிச்சுமணிக்குத் தூசி அலர்ஜியாம். செயலாளர் கந்தசாமியின் பேஸ்மென்ட்டில் தண்ணீர் கசிகிறதாம். மற்றவர்கள் வீட்டில் ஆன்சரிங் மெஷின்கள் மட்டும் மரியாதையாகப் பேசின.

பிப்ரவரியில் ஒரு பள்ளிக்கூடத்து கஃபட்டேரியாவில் அஞ்சலிக் கூட்டம். நாற்காலிகள் அங்கேயே இருந்ததால் மன்றத்து நாற்காலிகளை யாரும் தேடவில்லை. பிச்சுமணி முதலில் பேசினார். ஊருக்கு அனுப்ப வீடியோ ஏற்பாடு செய்தவரும் அவரே. கேமரா பக்கம் திரும்பித்தான் அழுதார். தலைவரின் வலது கை தான்தான் என்றார். அவர் சுமந்ததையெல்லாம் இனித் தான் சுமக்கப்போவதாகவும் சொன்னார். கந்தசாமி சும்மா இருப்பாரா? தான் தலைவரின் இதயம் என்றார். முக்கால் மணி நேரத்தில் சுவிசேஷமுத்துவின் உடம்பில் யாரும் எடுத்துக்கொள்ளாத உறுப்பென்று எதுவும் மிஞ்சவில்லை.

கடைசியில் அவருக்கு மார்பளவுச் சிலை வைப்பதென்று ஏகமனதாகத் தீர்மானம் ஆயிற்று. இடம் அமைகிற வரை சிலை ஜெயசெல்வி ஆன்ட்டி வீட்டுக் கராஜில் இருக்கட்டும் என்றார் பிச்சுமணி. பலத்த கைதட்டல்.

பிறகு ஜெயசெல்வியை இரண்டு வார்த்தை பேச அழைத்தார்கள்.

"அவருக்கு யாரு ரொம்ப க்ளோஸ்னு எனக்கு இத்தனை நாளா தெரியாது. இன்னிக்குத்தான் தெரிஞ்சுது," என்றாள். "அவர் பாத்துக்கிட்ட சாமானெல்லாம் இனி அவங்ககிட்டதான் இருக்கணும். ஷைனா ஒரு வாடகை ட்ரக்ல ஏத்தி வெளிய நிறுத்தியிருக்கா."

கூட்டத்தில் பாசம் சட்டென்று இறங்கியது. தலைவரை இரண்டு பிக்னிக்கில் பார்த்ததோடு சரி என்று கந்தசாமி பக்கத்தில் இருந்தவரிடம் விளக்கிக்கொண்டிருந்தார். வலது கை மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தது.

"பிச்சுமணி, எங்க கிளம்பிட்டீங்க?"

"ஆன்ட்டி, அது மேடையில ஒரு ஃப்ளோல வந்துடுச்சு..."

"பரவாயில்ல, எல்லாம் கேசட்ல இருக்கு," என்று ட்ரக் சாவியை அவர் கையில் வைத்தாள்.

திங்கட்கிழமை எட்டு அங்குலப் பனி. ஜெயசெல்வி பட்டனை அழுத்தினாள். கராஜ் கதவு உயர்ந்தது, உலர்ந்த கார் வெளியே வந்தது. தெருமுனையில் பிச்சுமணி வீடு. கராஜ் ஜன்னலில் ஒற்றைக் கொம்பு தெரிந்தது. வெளியே அவர் கார் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

அவள் ஹார்ன் அடித்தாள். பதிலுக்கு வலது கையைத் தூக்கப் பார்த்தவர், தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டார்.