தட்டு போகாத வீடு

கிகெரிச் பூவைப் பற்றி ஹய்னல்காவுக்குச் சொல்லிக்கொடுக்க அந்த ஊரில் ஆள் கிடையாது. ஊரே குளிரில் முடங்கிக் கிடக்கும் ஜனவரிக் கடைசியில், சார்ஷோம்யோ மலையின் தெற்குச் சரிவில் பாறை இடுக்கைப் பிளந்துகொண்டு வரும் அந்தச் சின்னப் பூவுக்கு அவள்தான் காவல். சம்பளம் இல்லை, கழுத்தில் தொங்க 'பூக்காவலர்' என்று எழுதிய ஓர் அட்டை உண்டு. அது போதாதா அவளுக்கு?

"பூ நடுவுல நிக்கிற கேசரம் ஆறு இருந்தா கிகெரிச். மூணே இருந்தா அது குங்குமப்பூ ஜாதி. பழைய ரெண்டு ஃபோரின்ட் காசுல பார்த்திருப்பீங்களே, அதே பூதான். தொடாம எண்ணுங்க," என்று மலையேறி வருகிறவர்களை மிரட்டி மிரட்டியே கற்றுக்கொடுப்பாள்.

அந்த வருஷம் பாதையோரம் மூன்று குழிகள் கிடந்தன. யாரோ கிழங்கோடு தோண்டி எடுத்துப் போயிருந்தார்கள். ஹய்னல்கா வீட்டுக்கு வந்து கணவன் ஓட்டோவிடம் கத்தித் தீர்த்தாள்.

"எவன் கை அதுல பட்டுச்சோ, அவன் மூஞ்சிய ஊரே பார்க்கும்படி செய்றேனா இல்லையா பாரு."

"காட்டுப்பன்னியா இருக்கும்," என்றான் ஓட்டோ, பூட்ஸைக் கழற்றிக்கொண்டே.

"பன்னி மண்வெட்டி வச்சிருக்குமா?"

அவன் குனிந்து அடுத்த பூட்ஸின் கயிற்றை அவிழ்த்தான்.

பிப்ரவரி முதல் சனிக்கிழமை அவர்கள் வீட்டில் பன்றி அடித்தார்கள். தெருவே கூடி வந்து வேலை செய்தது. பக்கத்து வீட்டு லோராந்தும் விடியும் முன்பே வந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்த தனியாள், இந்த ஊருக்கு வந்து சில வருஷங்கள்தான் ஆகின்றன. அதிகம் பேசமாட்டார்.

வெந்நீரைக் கொட்ட வேலியோரம் போன ஹய்னல்கா அப்படியே நின்றுவிட்டாள். லோராந்தின் கொல்லையில், கூரைக்கடியில் ஒரு மரப்பெட்டி. மேலே சரளைக்கல் பரப்பி, அதற்குள்ளிருந்து வெள்ளையும் வெளிர்சிவப்புமாகப் பூக்கள். பூவோடு சேர்ந்தே எட்டிப் பார்க்கும் இலை நுனி. நடுவில் கறுத்த மகரந்தப்பைகள். அச்சு அசல் கிகெரிச்.

வேலி தாண்டி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மனிதர் கையெட்டும் தூரத்தில்தான் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேட்டாளா? இல்லை. பகல் முழுக்க நெஞ்சுக்குள் பொத்தி வைத்திருந்து, சபை கூடட்டும் என்று காத்திருந்தாள். மனுஷ புத்தி எங்கே போகும்!

சாயங்காலம் எல்லாரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, இரத்தமும் அரிசியும் குடலில் அடைத்த ஹூர்காவை வெட்டி வாயில் போட்டுக்கொண்டிருந்தபோது அவள் எழுந்து நின்றாள்.

"மலையில குழி தோண்டின திருடன் யாருன்னு தெரிஞ்சுபோச்சு. நம்ம மேஜையிலேயே உட்கார்ந்து நம்ம ஹூர்காவைத் தின்னுட்டிருக்கான். லோராந்த், உங்க பெட்டியில என்ன பூத்திருக்கு?"

கத்திகள் ஓய்ந்தன. லோராந்த் வாயிலிருந்ததை மென்று விழுங்கினார்.

"அது விதை போட்டு வளர்த்தது."

"எல்லாத் திருடனும் அதைத்தான் சொல்வான்."

அவர் முட்கரண்டியைத் தட்டோரம் வைத்தார், கட்டியிருந்த ஏப்ரனை அவிழ்த்து நாற்காலியில் மாட்டினார், போய்விட்டார். ஓட்டோ தலையை நிமிர்த்தவே இல்லை.

மறுநாள் காலை வழக்கப்படி ருசித்தட்டுகள் கிளம்பின. ஹூர்கா, கொத்துக்கறிச் சுருள், பொரித்த கொழுப்பு, ஒரு துண்டு இறைச்சி. பன்றி அடித்த வீட்டிலிருந்து அக்கம்பக்கம் எல்லாருக்கும் போகும். சண்டைக்காரன் வீட்டுக்குக்கூடப் போகும். லோராந்த் வீட்டுக்குப் போகவில்லை. தெரு முழுக்கப் பார்க்கும்படி அவர் வாசலைத் தாண்டித் தட்டை எடுத்துப் போனாள் ஹய்னல்கா.

செவ்வாய்க்கிழமை வனக்காவலர் பர்னபாஷ் வந்தார். அவளே போன் செய்து வரவழைத்தது.

"எனக்குப் பறவைதான் பழக்கம். பூவுக்கு நீங்கதான் பார்த்துச் சொல்லணும் அக்கா," என்றார்.

அவள் பெட்டிக்கு முன் மண்டியிட்டாள். கேசரம் ஆறு, பை கறுப்பு. மலைப் பூவேதான், சந்தேகமென்ன? பிறகு இலையைக் கட்டைவிரலால் நீவினாள். விரல் நின்றது. இலையின் இரண்டு பக்கமும் பூனைமுடி. மலையிலிருக்கும் கிகெரிச்சுக்கு இலைப்பரப்பு வழவழவென்று இருக்கும். ரோமம் இருந்தால் விளிம்பில் மட்டும்தான். இது கிகெரிச்சுக்குத் தெற்கே, மாசிடோனியப் பக்கத்துச் சொந்தக்காரி. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து இது எந்தக் கண்ணுக்கும் தெரியாது. விரலுக்குத் தெரிந்துவிட்டது.

லோராந்த் காவலரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். "என் மனைவிக்கு ஊர் மாசிடோனியாவுல ப்ரிலெப். அவ அக்கா அனுப்பின விதை. மொத வருஷம் புல்லு மாதிரி ஒத்த இலைதான் வரும். கோடை பூரா சொட்டுத் தண்ணி படாம காயப் போடணும், இல்லன்னா கிழங்கு அழுகிடும். பூக்க அஞ்சு வருஷம் ஆச்சு. அவ பார்க்கல."

"என்னக்கா, மலைப்பூவா?" என்றார் பர்னபாஷ்.

ஹய்னல்கா நிமிர்ந்து பார்த்தாள். தெருவில் இரண்டு மூன்று பேர் வேலியருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உறுதியா சொல்ல முடியல," என்றாள்.

லோராந்த் அவளையே பார்த்தார். "அப்போ பரிசோதனைக்கு எடுத்துட்டுப் போகணும்," என்று காவலர் சொன்னதும், பூ உதிராமல் பெட்டியை லோராந்தே தூக்கிக்கொண்டு போய் வண்டியில் வைத்தார்.

வீட்டுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்தவள் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"அது மலை இலை இல்ல, ஓட்டோ. தெரிஞ்சும் சொல்லாம வந்துட்டேன். ஆனா குழி தோண்டினது அவராக்கூட இருக்கலாம் இல்லையா? இருக்கலாம்தானே?"

"அவரு இல்ல."

ஓட்டோ நிலவறைக்குப் போய், ஒயின் பீப்பாய்க்குப் பின்னாலிருந்து ஒரு மண்தொட்டியை எடுத்து வந்தான். இருட்டில் வெளுத்த மூன்று பூச்செடிகள். தோட்டத்துக் கறுப்பு மண்ணில் விரலாழத்துக்கு ஒப்புக்கு நட்டிருந்தான். கிழங்கின் நீண்ட பழுப்புக் கழுத்து மண்ணுக்கு வெளியே நீட்டிக்கொண்டு, எவ்வளவு ஆழத்திலிருந்து வந்தது என்று காட்டிக்கொடுத்தது. அதில் மலையின் சிவப்பு மண் இன்னும் ஒட்டியிருந்தது.

"காலண்டர்ல உன் பேர் வர்ற பேர்நாளுக்குன்னு எடுத்தேன். சந்தோஷப்படுவேன்னு நினைச்சேன். நீ வந்து கத்தினதும் வாய் அடைச்சுப்போச்சு."

"மேஜையில நான் அவரைச் சொன்னப்போ?"

"அப்போ இன்னும் அடைச்சுப்போச்சு."

அவனை நாலு சாத்து சாத்த வேண்டும் போலிருந்தது. கை எழவில்லை. அவன் பயந்து வாயை மூடினான், அவள் இலையைத் தொட்டுத் தெரிந்துகொண்ட பிறகு மூடினாள். இதில் யார் யாரை அடிப்பது? காவலருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள். அபராதம் உண்டு என்றார். வரட்டும் என்றாள்.

மறுநாள் காலை ருசித்தட்டு ஒன்று தயார் செய்தாள். இருப்பதிலேயே நல்ல துண்டு, மேலே வெள்ளைத் துணி. மண்தொட்டியைப் பையில் போட்டுக்கொண்டு லோராந்தின் கேட்டைத் தட்டினாள்.

சொல்ல வேண்டியதைச் சொன்னாள். ஓட்டோ, பீப்பாய், இலை எல்லாவற்றையும். "உங்க பெட்டி இன்னைக்கே வந்துடும். என்னை மன்னிச்சிடுங்க."

லோராந்த் பைக்குள் எட்டிப் பார்த்தார். "இவ்ளோ மேலா நட்டா பிழைக்காது," என்றார். தட்டைத் தொடவில்லை.

"நீங்க இலையைத் தடவினப்பவே உங்க முகத்தைப் பார்த்தேன். அப்பவே சொல்லிடுவீங்கன்னு நினைச்சேன்."

அவள் தட்டின் வெள்ளைத் துணியை இழுத்துச் சரிசெய்தாள்.

"என்னைத் திருடன்னு சொன்னது தெருவே உட்கார்ந்திருந்த மேஜையில. இல்லன்னு சொல்றது மட்டும் என் ஒருத்தன் காதுலயா?"

கேட்டை மெதுவாகத்தான் சாத்தினார்.

அவள் தட்டும் கையுமாக அடுத்த வீட்டுக்குப் போனாள். போரிஷ்கா கதவைத் திறந்ததும் சிரித்தாள்.

"என்ன ஹய்னி, மறுபடியும் தட்டா? போன தட்டே இன்னும் தீரல."

"தட்டு உனக்கில்ல." ஹய்னல்கா பையிலிருந்து தொட்டியை வெளியே எடுத்தாள். "மலையில தோண்டினது இதுதான். எங்க வீட்டுல இருந்துச்சு, ஓட்டோ எடுத்தது. லோராந்த் திருடல. அவரு பூ வேறன்னு நேத்தே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்லல."

போரிஷ்காவின் சிரிப்பு போய்விட்டது. அவள் பார்வை தொட்டியிலிருந்து ஏறி, ஹய்னல்காவின் கழுத்தில் தொங்கிய அட்டையில் வந்து நின்றது. ஹய்னல்கா அதை மறைக்கவில்லை.

"இதை எல்லா வீட்டுலயும் போய்ச் சொல்லப் போறியா?"

"தட்டு போன வீட்டுலயெல்லாம்," என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கினாள்.