மேலே வாடகை கம்மி

குழியை மூடிக்கொடுத்துவிட்டுத்தான் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று கலியாணசுந்தரம் சொல்லியிருந்தார். வீடு அவருடையது. கால் தொங்கவிட்டு நெய்யும் தறிக்குழி மட்டும் தினகரன் வெட்டியது. குடி வந்த புதிதில், மகள் கீர்த்தி கைக்குழந்தையாக இருந்தபோது, தானே கடப்பாரை பிடித்து வெட்டி, பக்கங்களுக்குச் செங்கல் வைத்துப் பூசியிருந்தான். இப்போது அதற்குள் இடிசல் கல்லையும் மண்ணையும் கொட்டிக்கொண்டிருந்தான்.

தெருமுனையில் கிடந்த குவியலிலிருந்து அவன் மனைவி அம்சவேணி இரும்புச் சட்டியில் மண் சுமந்து வந்தாள். இரவு ஷிப்ட் முடிந்து வந்தவள் கம்பெனிச் சட்டையைக்கூட மாற்றவில்லை. கழுத்தில் தொங்கிய அடையாள அட்டை, குனியும்போதெல்லாம் சட்டியின் விளிம்பில் தட்டியது. கழற்றிய தறி சுவரோரம் சாய்ந்திருந்தது. தெரியாதவர்கள் பார்த்தால் விறகு என்று நினைப்பார்கள்.

"தண்ணி ஊத்தி நல்லா இடிச்சிடுப்பா," என்றார் கலியாணசுந்தரம், செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று. "நாளைக்கு டைல்ஸ்காரன் வரான். அப்பால உள்வாங்கிச்சின்னா எனக்குத்தான் தலைவலி."

"சரிங்க."

அவர் அண்ணாந்து பார்த்தார். "அந்த ஃபேன் வீட்டோட இருந்ததுதானே?"

"நான் வாங்கினதுங்க."

"கேட்டேன்பா. கேக்கக்கூடாதா?"

அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. ஊரடங்கில் தறி ஓடாமல் கிடந்தபோது வாடகைக்கு நெருக்கியதில்லை. ஆனால் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துக் கம்பெனிகளுக்குப் பெண்களை வேலைக்கு அனுப்பும் கான்ட்ராக்டர் ஒருவன் வந்து, வீட்டை ஹாஸ்டலாக விட்டால் தலைக்கு இவ்வளவு என்று சொன்னபோது, தினகரன் கொடுத்த வாடகை அவருக்கே சிரிப்பாக இருந்திருக்கும். தெருவில் ஏற்கெனவே மூன்று வீடுகள் அப்படி மாறியிருந்தன. அம்சவேணி வேலை பார்த்ததும் அப்படி ஒரு கம்பெனியில்தான், அதே கான்ட்ராக்டர் வழியாகத்தான். செல்போனுக்குள் கண்ணுக்குத் தெரியாத திருகாணி போடும் வேலை.

வேறு வீடு தேடாமல் இல்லை. காஞ்சிபுரத்துக்குள் கேட்ட இடமெல்லாம் பளபளவென்று டைல்ஸ் போட்டிருந்தது. "இதுல குழி வெட்டுவியா நீ? நல்லா இருக்குதே!" என்று ஒரு அம்மா கதவைச் சாத்திக்கொண்டாள். ஊருக்கு வெளியே திருப்புட்குழியில் ஒரு வீடு அமைந்தது. முன்பணம் கொண்டுபோன அன்று, அதுவும் கம்பெனி ஆட்களுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். கூரத்தில் மனை விலை ஏறி, மாட்டுக்கொட்டகைக்குக்கூட வீட்டு வாடகை சொன்னார்கள்.

அப்போதுதான் ராமராஜன் போன் செய்தான். ஒரு காலத்தில் அடுத்த தெருவில் தறி நெய்தவன். இப்போது ஜவ்வாது மலைமேல் துணிக்கடை வைத்திருந்தான்.

"மேல வாடகை கம்மிபா. அங்க குடுக்கறதுல கால்வாசிகூட ஆவாது. மண் தரை, எத்தினி குழி வேணும்னாலும் வெட்டிக்கோ. யாரு கேக்கப் போறாங்க?"

அன்று ராத்திரி சாப்பிடும்போது தினகரன் அதைச் சொன்னான். முகத்தில் ரொம்ப நாளைக்கப்புறம் ஒரு தெளிவு.

"பட்டு முதலாளி பாவு நூல் குடுத்துடுவாரு. நெய்ஞ்சி முடிச்சி நான் கீழ எடுத்துக்கினு வந்து குடுக்கறேன். கீர்த்திக்கும் பக்கத்துல ஸ்கூல் இருக்குதாம்."

"நானு?" என்றாள் அம்சவேணி.

"கொஞ்ச நாளைக்கு நீ கம்பெனிக்குப் போய்க்கினு இரு. நாலு சேலை எறங்கிச்சின்னா நின்னுடலாம். அப்பறம் மூணு பேரும் ஒண்ணாத்தான் இருக்கப்போறோம்."

அவள் கீர்த்தியின் தட்டில் ரசம் ஊற்றினாள். வேறு வழி ஏதாவது இருந்தால் அதைச் சொல்லியிருப்பாள்.

குட்டியானை வண்டியில் தறியும் பாத்திரங்களும் ஏறின. மலைப்பாதையில் வண்டி திரும்பத் திரும்ப, கீர்த்தி இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். மேலே போய் இறங்கியதும் வாயைத் துடைத்துக்கொண்டு, "ஏசி போட்ட மாதிரி இருக்குதும்மா," என்று சிரித்தாள். ஓட்டு வீடு. பின்னால் பலாமரம். பக்கத்து வீட்டு ஜெயம்மாள், மலைக்காரி, கேட்காமலேயே ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். தினகரன் மறுநாளே குழி வெட்ட ஆரம்பித்துவிட்டான். மண் வெண்ணெய் மாதிரி வந்தது. முழங்கால் ஆழம் போனதும் அடி ஈரமாக இருந்தது. காய்ந்துவிடும் என்றான். அம்சவேணியும் அப்படித்தான் நினைத்தாள். அன்று சாயங்காலம் பஸ் ஏறும்போது, வந்தது சரிதான் என்றே அவளுக்குத் தோன்றியது.

ஹாஸ்டலில் இடம் வேண்டும் என்று கம்பெனியில் சொல்லியிருந்தாள். ஷிப்ட் முடிந்ததும் பையோடு வேனில் ஏறச் சொன்னார்கள். பெண்கள் உட்கார்ந்தபடியே தூங்கினார்கள். வேன் ஊருக்குள் வந்து, நூல்கடை தாண்டி இடதுபக்கம் ஒடித்தபோது அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இந்தத் தெருவில்தான் நாலு ஹாஸ்டல் இருக்கிறதே என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். வேன் கலியாணசுந்தரத்தின் வீட்டு வாசலில் நின்றது.

உள்ளே எல்லாம் வெள்ளையடித்திருந்தது. தறி இருந்த அறையில் இரும்புக் கட்டில்கள், ஒன்றின்மேல் ஒன்றாக. வாசலுக்கு மேலே கேமரா. வார்டன் பொன்னி அவளுக்கு ஒரு கீழ்க்கட்டிலைக் காட்டினாள். குழி இருந்த இடத்தில்தான் அது நின்றது; பார்த்தால் தரையில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. தினகரன் நன்றாகத்தான் இடித்திருந்தான்.

ஒரு ராத்திரி கரண்ட் போய் வந்தபோது, மேல்கட்டிலில் படுத்திருந்த காவேரி என்ற திண்டிவனத்துப் பெண், "லைட் சுவிட்ச் எங்கக்கா இருக்குது?" என்று இருட்டில் தடவினாள். அம்சவேணி எழுந்து நேராகப் போய்த் தட்டினாள்.

"எப்பிடிக்கா கண்டுபுடிச்சீங்க?"

"எல்லா வீட்லயும் கதவாண்டதானே வெச்சிருப்பாங்க," என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

மழைக்காலம் வந்ததும் மேலேயிருந்து வந்த செய்திகள் மாறின. வீட்டில் சிக்னல் கிடைக்காது. தினகரன் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி நின்றுதான் பேசுவான். காற்று இரைச்சலில் பாதி கேட்காது.

"பாவு தொய்ஞ்சி தொய்ஞ்சி போவுது அம்சா. காத்தால இழுத்துக் கட்டறேன். பத்து விரக்கடை நெய்யறதுக்குள்ள பனி உள்ள வந்துடுது. பட்டு எல்லாம் நமுத்துப்போவுது."

"அடுப்பு மூட்டி வெச்சிப் பாருங்களேன்."

"வெச்சேன். ஜரிகை கறுக்குது."

எப்படியோ ஒரு சேலையை முடித்து எடுத்துக்கொண்டு காஞ்சிபுரம் போனான். முதலாளி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், திட்டவில்லை, மடித்துத் திருப்பிக் கொடுத்தார். அடுத்த பாவு பற்றிக் கேட்டதற்கு, மழை விடட்டும் பார்க்கலாம் என்றார். அவன் அம்சவேணியைப் பார்க்காமலேயே பஸ் ஏறிப் போய்விட்டான். மலைமேல் புதிதாகக் கட்டும் லாட்ஜுக்குக் கல் தூக்கப் போகிறான் என்று கீர்த்திதான் பிறகு போனில் சொன்னாள். கம்பெனியிலிருந்து நிற்பதைப் பற்றி அதற்கப்புறம் இருவரும் பேசவில்லை.

ஒரு நாள் சாப்பாட்டு இடைவேளையில் போன் எடுத்துப் பார்த்தபோது, தினகரன் பல தடவை கூப்பிட்டிருந்தான். திருப்பிக் கூப்பிட்டாள்.

"ஒண்ணும் பயப்படாத," என்றான். "நம்ம கீர்த்தி… பெரிய மனுஷி ஆயிட்டா. நேத்து ஸ்கூல்ல. எனக்கு இன்னா பண்றதுன்னு தெரியல. ஜெயம்மாதான் துணி குடுத்து, அவங்க வீட்டு ஓரமா உக்கார வெச்சிருக்காங்க."

"அவகிட்ட குடுங்க."

சற்று நேரம் கழித்து, கீர்த்தி தொட்டிமேல் ஏறி வந்து மூச்சு வாங்குவது கேட்டது.

"கண்ணு, வயிறு வலிக்குதா?"

"மா, நீ எப்ப வர்ற?"

சூபர்வைசர் பையனுக்கு அவள் வயதில் பாதிதான் இருக்கும். "அக்கா, இந்த மாசம் ஷிப்மெண்ட் இருக்குது. ஞாயித்துக்கிழமையே டூட்டி போட்டிருக்காங்க. இப்பப் போய் லீவுன்னா…"

"ஒரே ஒரு நாள் சார். பொண்ணுக்கு உடம்பு சரியில்ல."

"டாக்டர் சர்டிபிகேட் இருக்குதா?"

இருபது பையன்கள் சுற்றி நிற்க, அவள் வேறு எதைச் சொல்ல முடியும்? "இல்ல சார்," என்றாள்.

"அப்போ ஆப்சென்ட்தான் விழும். ஹாஸ்டல்ல பெட்டையும் வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. நான் ஒண்ணும் பண்ண முடியாதுக்கா."

அதனால் தினகரனும் கீர்த்தியும் கீழே வந்தார்கள். ஞாயிறு அம்சவேணிக்கு மதிய ஷிப்ட். விடியற்காலை முதல் பஸ் பிடித்து, ஆரணியில் மாறி, வெயில் ஏறும் நேரத்துக்குத் தெருவுக்குள் வந்துவிட்டார்கள். கீர்த்தி மெலிந்து, உயரமாகத் தெரிந்தாள். ஒரு பழைய துண்டை மார்பின்மேல் போட்டிருந்தாள். வீட்டைப் பார்த்ததும் அவள் கால் பழக்கத்தில் படியேறிவிட்டது.

"ஏய், யாரது?" என்று பொன்னி உள்ளேயிருந்து வந்தாள்.

"எம் பொண்ணுக்கா," என்றாள் அம்சவேணி. பக்கத்தில் போய்த் தாழ்ந்த குரலில் விஷயத்தைச் சொன்னாள். "தலைக்குத் தண்ணி ஊத்தணும். ஒரு பத்து நிமிஷம். பின்னாடி பாத்ரூம்ல ஊத்தி உடனே அனுப்பிடறேன்."

பொன்னியின் முகம் இளகியது. கையை நீட்டி கீர்த்தியின் கன்னத்தைத் தொடப் போனவள், மேலே கேமராவைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டாள்.

"எனக்கு மட்டும் ஆசை இல்லியாமா? கார்டு இல்லாத ஆள உள்ள விட்டா அங்க ஆபீஸ்ல தெரியும். போன மாசம் அக்காவப் பாக்க வந்த தங்கச்சிய விட்டதுக்கு எனக்குப் பாதி சம்பளம் புடிச்சிட்டாங்க. நானும் ரெண்டு புள்ள வெச்சிருக்கேன்."

"இந்த வீட்லதாங்கா இவ வளந்தா."

பொன்னிக்கு அது புரியவில்லை. புரியவைக்கும் தெம்பு அம்சவேணிக்கும் இல்லை.

மூவரும் தெருவில் நின்றார்கள். எதிர்வீடு இப்போது ஆண்கள் ஹாஸ்டல். கைலி கட்டிய பையன்கள் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். முனை வீட்டில் திருவிழாவுக்கு வந்த உறவுக்கூட்டம். அவர்கள் வாசலில் போய் நின்று, என் பெண்ணுக்குத் தீட்டுக் கழிக்க இடம் கொடுங்கள் என்று எந்த வாயால் கேட்பது? கலியாணசுந்தரம் குடியிருக்கும் வீட்டை நினைத்துப் பார்த்து, அந்த நினைப்பையே விட்டுவிட்டாள்.

"திரும்பக் கூட்டிக்கினு போயி ஜெயம்மாவையே ஊத்தச் சொல்லட்டுமா?" என்றான் தினகரன். சிமெண்ட் அரித்த கையைப் பின்னால் கட்டியிருந்தான்.

"என்னை மேல கூட்டிக்கினு போறேன்னு சொன்னீங்களே, அத மொதல்ல செய்யுங்க," என்றாள். சொன்ன பிறகு அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கீர்த்தியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

கோயிலுக்கு வருகிற வெளியூர்க்காரர்களுக்காகப் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கட்டணக் குளியலறை இருந்தது. வழியில் ஒரு பெட்டிக்கடையில் மஞ்சள்தூள் பாக்கெட் வாங்கினாள். ராமராஜன் கடையில் எடுத்த புதுப் பாவாடையைத் தினகரன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். வாசலில் மேசை போட்டிருந்தவன், ஓர் அறைக்கு ஓர் ஆள்தான் என்றான். அம்மாவும் பெண்ணும் என்று சொன்னதும், அப்படியென்றால் இரண்டு டிக்கெட் என்றான். சுற்றுலாப் பஸ்ஸில் வந்த பெண்கள் தோளில் துண்டோடு வரிசையில் நின்றார்கள். தினகரன் தெருவின் மறுபக்கம் போய், முதுகைக் காட்டி நின்றுகொண்டான்.

உள்ளே இரண்டு பேர் நிற்க இடமில்லை. கீர்த்தி மூலையில் குந்தினாள். அம்சவேணி கதவில் முதுகை ஒட்டி நின்று, குழாயைத் திறந்து, பக்கெட்டில் மஞ்சளைக் கரைத்தாள். தண்ணீர் விரல் தடிமனுக்குத்தான் வந்தது.

"குளிருதும்மா."

"கண்ண மூடிக்கோ."

முதல் மக்கை உச்சியில் ஊற்றினாள். "இது உங்க அத்தை ஊத்தறது," என்றாள். கீர்த்தி நிமிர்ந்து பார்த்தாள். "குனிஞ்சுக்கோ. இது பெரியம்மா. இது என் ஓரகத்தி மங்களா." கல்யாணம் காட்சிக்குக் கூப்பிட்டால் வரக்கூடிய ஒவ்வொரு பெண்ணின் பேரையும் சொல்லி ஊற்றினாள். "இது ஜெயம்மா," என்றபோது கீர்த்தியின் தோள் குலுங்கியது. அழுகிறாளா, நடுங்குகிறாளா என்று தெரியவில்லை.

கதவு தட்டப்பட்டது. "எம்மாம் நேரம்மா? வெளிய ஆளுங்க நிக்கறாங்க, கோயில் நடை சாத்திடுவாங்க!"

"இதோ ஆச்சிமா."

"எங்களுக்கும் பஸ்ஸு இருக்குதுல்ல?"

"இதோ, இதோ." இரண்டு கையாலும் பக்கெட்டைத் தூக்கினாள். "இது நானு," என்று மெதுவாகச் சொல்லி, மிச்சம் முழுவதையும் ஊற்றினாள்.

சாக்கடை அடைத்திருந்தது. மஞ்சள் தண்ணீர் போக வழியில்லாமல் தேங்கி, கதவின் அடியால் வெளியே வழிந்தது. வரிசையில் நின்ற பெண்கள் முகத்தைச் சுளித்து, சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு விலகி நின்றார்கள்.