ஓடுபாதையில் காய்ந்த ராகி

சீமனூர் விமானத் திடலை மூடிய 2004ஆம் வருஷ ஆவணியிலிருந்து, ஒரு சின்ன விமானத்தின் நிழல் தினமும் முற்பகலில் வந்து ஊரைச் சுற்றியது. மேலே விமானம் இல்லை, சத்தமும் இல்லை. நிழல் மட்டும் கூரைகள்மேல் ஏறி இறங்கி, ஏரியைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்து, வெயில் சாய்ந்ததும் கலைந்துபோகும். முதல் வாரம் ஜனங்கள் அண்ணாந்து பார்த்தார்கள். யாருடைய விமானம் என்று புரிந்த பிறகு ஒருவரும் தலையை நிமிர்த்தவில்லை.

ஓசூர்க் கம்பெனி முதலாளிகள் சிலர் தொண்ணூறுகளின் நடுவில் கூட்டாகப் போட்ட திடல் அது. நாலு பேர் உட்காரும் விமானங்கள் வந்து போகும். ஓட்டக் கற்றுக்கொடுக்க ஆஸ்டின் என்ற தூத்துக்குடிக்காரன் இருந்தான். ஊருக்கு அந்த ஓடுபாதையைவிட நல்ல களம் கிடைக்கவில்லை. மார்கழி தொட்டு ராகிக் கதிரை அதன்மேல் பரப்பிக் காயவைத்தார்கள். ஆஸ்டின் யாரையும் ஏசியதில்லை. இறங்குவதற்கு முன் தலைக்குமேல் ஒரு சுற்று சுற்றுவான், பெண்கள் கதிரை ஓரமாக இழுத்துப் போட்டுக் கையசைப்பார்கள், பிறகு இறங்குவான். ஆபீசுக்குத் தெரியாமல் பல வருஷம் இப்படியே நடந்தது.

2004 தை மாதம் அவன் தனியாகப் பறந்து திரும்பும்போது எஞ்சின் நின்றுவிட்டது. சத்தமும் இல்லை, சுற்றுவதற்கு உயரமும் இல்லை. கெம்பம்மா கதிர்க்கட்டோடு ஓடுபாதை நடுவில் நின்றிருந்தாள். எப்போதும்போல ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் வருவான் என்று எண்ணி அவள் நகரவில்லை. அவள்மேல் மோதாமலிருக்க அவன் விமானத்தின் மூக்கைத் திருப்பினான். விமானம் வடிகாலில் விழுந்து கவிழ்ந்தது. அவன் பெல்ட்டில் தலைகீழாகத் தொங்கினான், முகத்திலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. எல்லாரும் அவனிடம் ஓடும்போது ஊர்ப் பெரியதனக்காரர் வெங்கடசாமி குறுக்கே நின்று கத்தினார்: "மொதல்ல ராகிய அள்ளுங்க! ஆபீசருங்க பாத்தா ஊரே கோர்ட்டுக்கு நடக்கணும்!" அள்ளினார்கள். ஒரு ராகி மணிகூடத் தங்காமல் விளக்குமாறு போட்டுக் கூட்டினார்கள். கெம்பம்மாவும் கூட்டினாள். அதற்குப் பிறகுதான் அவனை இறக்கினார்கள். விசாரணைக்கு வந்தவர்கள் பக்கத்தில் நின்றவள் என்று அவளைத்தான் முதலில் கேட்டார்கள். வெங்கடசாமி சொல்லிக்கொடுத்தபடி, "சாராய வாடை அடிச்சுதுங்க சார்," என்றாள். மற்றவர்களும் அதையே சொன்னார்கள்.

ஆஸ்டினுக்கு நினைவு திரும்புவதற்குள் விஷயம் முடிந்திருந்தது. பாதையில் ராகி கிடந்தது என்று அவன் சொன்னான்; ஓடுபாதை துடைத்துவிட்டாற்போல இருந்தது. நிலத்தின் விலை ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்த முதலாளிகளுக்கு அந்த விபத்து வசதியாகப் போயிற்று. திடலை மூடி மனை போட்டு, அதற்கு ஏர்போர்ட் நகர் என்று பேரும் வைத்தார்கள். வெங்கடசாமி சொல்லி ஊர்க்காரர்களுக்குச் சல்லிசாகக் கிடைத்தது. கெம்பம்மாவின் மனை ஓடுபாதையின் நடுவில் விழுந்தது. அவள் சிமெண்டுக் கல்லில் சுவர் எழுப்பி ஷீட் போட்டுக் குடியேறினாள்.

நிழல் தன் கூரைவரை தாழ்ந்து வந்து, தயங்கி, மறுபடி மேலேறுவதை அவள் மூன்றாவது வருஷம்தான் கவனித்தாள். வெங்கடசாமியிடம் போய், "நாம நகரட்டும்னுதாண்ணா அது சுத்திக்கிட்டே இருக்குது," என்றாள்.

"வெளிய சொல்லித் தொலைக்காத. பிளாட்டு வெல போயிடும்," என்றார் அவர்.

அவள் பஸ் ஏறி ஓசூர் போனாள். ஆஸ்டின் ஒரு கம்பெனியில் ஷிப்ட் பஸ்கள் வந்து போகும் நேரத்தைக் கவனிக்கும் வேலையில் இருந்தான். விபத்தில் ஒரு கண் போயிருந்தது. அது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

"பொய் சொன்னது நாந்தாங்க சாரு. இப்ப வாங்க, எந்த ஆபீசருகிட்டன்னாலும் உள்ளதச் சொல்றேன்."

"ஒத்தக் கண்ணுக்கு இனி யாரும்மா லைசென்சு குடுப்பா?" என்றான் அவன். கையிலிருந்த நோட்டில் நேரத்தைக் குறித்துவிட்டுக் கேட்டான்: "நான் தொங்கிட்டுக் கெடக்கும்போது கூட்டுத சத்தம் கேட்டுச்சு. டாக்டர்கிட்ட சொன்னேன், தலையில அடிபட்டதுல அப்படித் தோணியிருக்கும்னாரு. நெசமாவே கூட்டுனீங்களா?"

"ஆமாங்க. ராகியக் கூட்டுனோம்."

"அப்ப எனக்குப் புத்தி கெட்டுப்போகல," என்று சொல்லிவிட்டு, உள்ளே நுழைந்த பஸ்ஸை நோக்கி நடந்தான். அவன் திட்டியிருந்தால் திரும்பி வருவது அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாளே அவள் ஆள்விட்டு ஷீட்டைக் கழற்றிச் சுவரை இடித்தாள். பைத்தியம் என்றார்கள். சட்டிபானையோடு ஊருக்குள் தங்கை வீட்டுக்குப் போனாள். கல்லையும் மண்ணையும் அள்ளி முடித்த அன்று நிழல் ஒரு சுற்று சுற்றிவிட்டு இறங்கி, அந்த வெறும் மனையில் ஓடி நின்றது. சின்ன விமானம், அந்த இடமே போதுமாக இருந்தது.

இப்போதும் அது அங்கேதான் நிற்கிறது. மனையை வாங்க யாரும் வருவதில்லை, மற்ற மனைகள் எல்லாம் விற்றுப்போயின. மாசி, பங்குனியில் அக்கம்பக்கத்துப் பெண்கள் பாயைப் போட்டு அந்த நிழலில் உட்கார்ந்து புளி தட்டுகிறார்கள். நல்ல குளிர்ச்சி என்கிறார்கள். கெம்பம்மாவும் தன் பங்குப் புளியோடு வருவாள். இறக்கைக்கு வெளியே, வெயிலில் உட்காருவாள்.