மொட்டைமாடியிலிருந்து ஓர் இறுதிப் போட்டி

பேருந்துப் பணிமனையில் அவன் மெக்கானிக். பணிமனை கால்பந்து அணிக்குப் பன்னிரண்டு வருடமாகக் கோல்கீப்பர். பந்து கையில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் எல்லோருக்கும் அவன் 'கோந்து'. அணி முதல்முறையாக இறுதிப் போட்டி ஆடும் நாளன்று காலையில், மகளின் முதுகெல்லாம் கொப்புளங்கள். சின்னம்மை.

அவன் மனைவி கண்டக்டர். அவளுடைய டிரைவர் தேர்வும் போட்டி தொடங்கும் அதே மூன்று மணிக்குத்தான். குழந்தையைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்ன அக்காவோ கர்ப்பிணி. அம்மை தொற்றிவிடும் என்பதால் அவளை வாசற்படி ஏற்ற முடியாது.

"நீங்க போங்க. தேர்வு அடுத்த வருஷமும் வரும். உங்களுக்கு முப்பத்தெட்டு ஆச்சு."

"முப்பத்தேழு."

"ஆமா, பெரிய வித்தியாசம்!"

"ஒன்பது வருஷமா நின்னுக்கிட்டே வேலை பாக்கறே. இன்னைக்குப் போய் உட்காரு."

அவள் வாயைத் திறப்பதற்குள் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினான். பிறகு தடதடவென்று படியிறங்கும் ஓசை.

மூன்று மணிக்கு மகளைத் தோளில் போட்டுக்கொண்டு மாடியேறினான். அங்கிருந்து மைதானம் தெரியும், ஆனால் பக்கத்துக் கட்டடம் அதில் பாதியை மறைத்தது. கூச்சலை வைத்துத்தான் மீதியை ஊகிக்க வேண்டும். அவன் இடத்தில் நின்றவர் ஸ்டோர் கிளார்க்; முழு ஆட்டம் ஆடியதே இல்லை.

முதல் பாதியில் பணிமனை ஒரு கோல் அடித்தது. இடைவேளைக்குப் பின் கிளார்க் கண்ணுக்குத் தெரிந்த பக்கம் வந்தார். அதற்குப் பிறகு கோந்துவுக்கு நிலைகொள்ளவில்லை. "முன்னாடி வாய்யா! குனி!" தொண்டை கட்டிவிட்டது.

கடைசி நிமிடத்தில் எதிரணிக்குப் பெனால்டி. உதைக்கிறவனின் இடுப்பு திரும்பிய விதம் அவனுக்குப் பழக்கம். "இடது! இடது!" என்று கையை வீசினான். கிளார்க் அப்படியே இடப்பக்கம் சரிந்தார். பந்து அவர் வயிற்றில் அடித்துத் தெறித்தது. விசில்!

மகளைத் தூக்கிக்கொண்டு ஆடினான். கீழே கிளார்க்கைத் தோளில் ஏற்றி ஊர்வலம் விட்டபோது மட்டும் திரும்பி நின்றுகொண்டான்.

போன் அடித்தது. கிளார்க்.

"ஜெயிச்சுட்டோம் அண்ணே!"

"நான் கை காட்டினதைப் பாத்தீங்களா?"

"எங்கேருந்து? காலு வழுக்கிடுச்சு அண்ணே, விழுந்தேன்!"

அவன் வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருக்கும்போதே, மனைவி மூச்சிரைக்க மாடியேறி வந்தாள்.

"பாஸ்! ரிவர்ஸ்ல ஒரு கம்பத்தைக்கூடத் தொடலை!"

"மொதல்லேருந்து சொல்லு. வண்டியில ஏறினதுலேருந்து."

அவள் தண்ணீர்த் தொட்டித் திட்டில் உட்கார்ந்து, காற்றில் ஸ்டியரிங் பிடித்து, வாயாலேயே கியர் போட்டுக் கிளம்பினாள். இரண்டாவது வளைவு வந்தபோது அவனும் மகளும் சேர்ந்தே சாய்ந்தார்கள்.